பன்னிரண்டு பாட்டிலில் பிரித்துப் போட்டது

வடக்குப்பட்டு ஜீவானந்தம் அந்தக் கம்பெனியில் பாட்டில் கழுவத்தான் சேர்ந்தான். ஒரகடம் போகும் சாலையில், நாலு பக்கமும் நெல் வயலாகக் கிடந்த இடத்தில், ஆடு மாடுகளுக்குத் தடுப்பு மருந்து செய்ய எழுப்பிய கட்டிடம் அது. கழுவிய பாட்டிலை வெளிச்சத்துக்கு நேரே தூக்கி, திருப்பித் திருப்பிப் பார்ப்பான். சோப்புத் தடம் ஒரு இழை தெரிந்தாலும் மறுபடி தண்ணீரில் போட்டுவிடுவான்.

"இன்னா மாப்ள, பாட்டிலுக்குப் பொண்ணு பாக்குறியா?" என்று கூட இருந்தவர்கள் கேலி செய்வார்கள். அவன் காதில் வாங்கமாட்டான்.

அந்தச் சுத்தத்தைப் பார்த்துத்தான் டாக்டர் ஜயஸ்ரீ அவனை உள்ளே செல் ரூமுக்குக் கேட்டு வாங்கிக்கொண்டார். அவர் ஸ்ரீபெரும்புதூர்க்காரர். கோயில் கைங்கரியம் செய்கிற குடும்பத்தில் பிறந்து, பட்டணத்தில் கிருமிகளைப் பற்றிப் படித்துப் பட்டம் வாங்கியவர். வயதில் ஜீவானந்தத்துக்கு இளையவர். அவன் 'மேடம்' என்பான். அவர் 'ஜீவா' என்பார்.

செல் ரூமில் நடந்த வேலையை ஊரில் யாருக்கும் எளிதில் சொல்லிப் புரியவைக்க முடியாது. செம்மறியாட்டு அம்மைக்கு மருந்து செய்யவேண்டுமென்றால் முதலில் அந்த அம்மைக் கிருமியை வளர்க்கவேண்டும். கிருமி உயிருள்ள செல்லில்தான் வளரும். அதற்காக ஆட்டுக்குட்டியின் சிறுநீரகத்தை எடுத்து, நுணுக்கி, செல் செல்லாகப் பிரித்து, தட்டையான கண்ணாடிப் பாட்டிலில் தீனி கலந்த இளஞ்சிவப்புத் தண்ணீரோடு விடுவார்கள். செல்கள் அடியில் இறங்கிக் கண்ணாடியில் ஒட்டும். உருண்டையாக விழுந்தவை கொஞ்சம் கொஞ்சமாகப் பரந்து, பக்கத்தில் இருப்பதைத் தொடும். தொட்டதும் ஓரமும் ஓரமும் ஒட்டிக்கொள்ளும். பிறகு ஒன்று இரண்டாகும், இரண்டு நாலாகும். கண்ணாடி முழுக்க ஒரே அடுக்காக, தளத்தில் கல் பதித்ததுபோல் நிரம்பியதும் தானாகவே நின்றுவிடும். ஒன்றின்மேல் ஒன்று ஏறாது.

முதன்முதலாக மைக்ராஸ்கோப்பில் அதைப் பார்த்தபோது ஜீவானந்தம் கேட்ட கேள்வி இதுதான்: "யாரு சொல்லி மேடம் நிக்குதுங்க?"

"யாரும் சொல்லலை. நாலா பக்கமும் ஒண்ணை ஒண்ணு தொட்டாச்சுன்னா, அதுக்கு உள்ளேயே தகவல் போயிடும். போதும், நிறுத்துன்னு."

நிரம்பிய பாட்டிலைப் பிரித்து மூன்று பாட்டிலில் போடவேண்டும். அது செல் ரூமின் வழக்கம். ஒன்றுக்கு மூன்று, அதற்குமேல் இல்லை. ஏன் என்று அவன் கேட்டதில்லை. வழக்கம் என்றால் வழக்கம்.

அந்தச் செல்கள் லேசில் கிடைத்தவை அல்ல. எத்தனையோ குட்டிகளின் சிறுநீரகத்தை எடுத்துப் பார்த்து, ஒன்றில் பூஞ்சை, ஒன்றில் வேறு கிருமி என்று எல்லாவற்றையும் கொட்டிய பிறகு, ஒரே ஒரு குட்டியினுடையது சுத்தமாக அமைந்தது. உறையவைத்துப் பத்திரப்படுத்தும் வித்தை இன்னும் கைகூடவில்லை. ஆகவே இருந்ததெல்லாம் ஆட்டின் உடல் சூட்டிலேயே வைத்திருக்கும் ஹாட் ரூமில், பாட்டிலில், உயிரோடுதான் இருந்தது. தலைமை ஆபீஸில் சிலர், இந்தச் செலவு எதற்கு, செல் ரூமை மூடிவிட்டு வேலையை வெளியூர்ப் பிரிவுக்கே மாற்றிவிடலாம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். மூடினால் டாக்டரம்மாவுக்கு வேறு வேலை கிடைக்கும். ஜீவானந்தத்துக்குப் பழையபடி பாட்டில் கழுவும் தொட்டிதான்; அதுவும் கான்ட்ராக்டரின் கீழே.

1991-ல் தீபாவளி முடிந்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. ஒரு ராத்திரி இடி விழுந்து மின்சாரம் போய், திரும்ப வந்தபோது எகிறி வந்தது. ஹாட் ரூமில் சூட்டைக் கட்டுப்படுத்தும் சாதனம் கெட்டு, ஹீட்டர் விடாமல் எரிந்திருக்கிறது. காலையில் ஜீவானந்தம் கதவைத் திறந்தான். முகத்தில் அடித்த அனலில் ஒரு நொடி பின்வாங்கினான்.

பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். அரிசி களைந்த தண்ணீரில் வண்டல் மிதப்பதுபோல் எல்லாம் பெயர்ந்து மிதந்தன. ஒன்றுகூட மிச்சமில்லை.

மைக்ராஸ்கோப் மேசையில் மட்டும் ஒரு பாட்டில் இருந்தது. முந்தின நாள் சாயங்காலம், டாக்டரம்மா வந்ததும் காட்டவேண்டும் என்று அவன் எடுத்து வைத்தது. ஏரி வழிந்து சாலையில் ஓடியதால் அவர் வரவில்லை. பாட்டில் குளிர்ந்து கிடந்தது, ஆனால் செல்கள் கண்ணாடியை விடவில்லை. நிரம்பி, நெருக்கி, ஒட்டிக்கொண்டு இருந்தன. தண்ணீர் மட்டும் மஞ்சளாகிக்கொண்டு வந்தது. தீனி தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். அன்றைக்கே பிரித்துப் போட்டாக வேண்டும்.

போன் செத்துக் கிடந்தது. சாலையில் இடுப்பளவு தண்ணீர் என்றார்கள்.

மேனேஜர் கோதண்டம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நனைந்த தலையோடு உள்ளே வந்தார். பக்கத்திலேயே குவார்ட்டர்ஸ், அதனால் வர முடிந்தது. நடந்ததைக் கேட்டதும் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"திங்கக்கெழம ஹெட் ஆபீஸ்லேந்து ஸௌந்தரராஜன் சார் வர்றாரு, தெரியுமில்ல? இந்த ரூமு வேணுமா வேணாவான்னு பாக்கத்தான் வர்றாரு. அவர்கிட்ட ஒரு பாட்டிலக் காட்டி இன்னா சொல்றது?"

"மூணு ஆக்கிடலாம் சார்."

"மூணு! அடுக்கு காலியா கெடந்தா மூணு எந்த மூலைக்கு? ஒரு டஜனாவது அடுக்குல நிக்கணும்பா."

"ஒண்ணுக்கு மூணுதான் சார் போடணும். மேடம் அப்டித்தான்..."

"மேடம் இங்க இல்லியே. ஏம்பா, நீ வெவசாயி வூட்டுப் புள்ளதானே? நாத்து பத்தலன்னா கழனியத் தரிசா வுட்டுருவீங்களா?"

அந்த வார்த்தைதான் ஜீவானந்தத்தைப் பிடித்தது. காரணம் இருந்தது. அதற்கு முந்தின வருஷம் அவர்கள் நாற்றங்காலில் பாதி மழையில் அழுகிப்போய்விட்டது. அப்பா தலையில் கை வைத்துக்கொண்டபோது, அவனுடைய அக்கா சரோஜா கயிறு பிடித்து, கொத்தாக நடவேண்டிய இடத்தில் ஒற்றை நாற்றாக, எட்ட எட்ட நட்டாள். "இன்னா சரோஜா, கழனில புள்ளிக் கோலம் போடுறியா?" என்று அடுத்த கழனிக்காரிகள் சிரித்தார்கள். ஒவ்வொரு நாற்றும் பக்கத்தில் கிளைத்துத் தூர் கட்டிக் கட்டி, தை பிறக்கும்போது வரப்பு தெரியாமல் மூடியது. கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றவன் ஜீவானந்தம்தான். இடம் இருந்தால் உயிர் தானாகப் பரவும் என்பதை அவன் யாரிடமும் படிக்கவில்லை. கண்ணால் பார்த்தது.

கையைத் தேய்த்துக் கழுவினான். கிருமி இல்லாத காற்று வீசும் காற்றுப்பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து ஸ்பிரிட் விளக்கை ஏற்றினான். மஞ்சள் தண்ணீரை உறிஞ்சி எடுத்து, கொட்டாமல், தனிப் பாட்டிலில் மூடி ஃப்ரிட்ஜில் வைத்தான். டாக்டரம்மா பார்க்காமல் எதையும் கொட்டுவது அவனுக்குப் பழக்கமில்லை. பிரிக்கும் மருந்தை ஊற்றினான். ஒட்டிக்கொண்டிருந்த செல்கள் கையை விட்டன. ஓரங்கள் சுருங்கி, உருண்டு, மழைத்துளி ஓடுவதுபோல் கண்ணாடியில் சரிந்தன. அவற்றைப் புதுத் தண்ணீரில் கலக்கி, பன்னிரண்டு பாட்டிலில் சமமாக விட்டான். பன்னிரண்டையும் ஹாட் ரூமில் அடுக்கினான். அதை எலக்ட்ரிஷியன் அதற்குள் சரிசெய்திருந்தார்.

"எல்லாம் நல்லாத் தூர் கட்டும் பாரு" என்று சொல்லிவிட்டுப் போனார் கோதண்டம்.

மறுநாள் காலையில் முதல் பாட்டிலை மைக்ராஸ்கோப்பில் வைத்துக் குனிந்தான். கண்ணாடி வெறுமையாக இருந்தது. நகர்த்தி நகர்த்தித் தேடினான். ஒரு செல். தூரத்தில் இன்னொன்று. பரந்திருக்க வேண்டியவை இன்னும் உருண்டையாகவே இருந்தன. ஒன்றிரண்டு மட்டும் எங்கோ கையை நீட்டித் துழாவுவதுபோல் மெல்லிய இழை ஒன்றை நீட்டி, ஒன்றும் அகப்படாமல், இழுத்துக்கொண்டன. இரண்டாவது பாட்டிலிலும் அப்படி. மூன்றாவதில் சில பெயர்ந்து மிதந்தன.

"எப்டி கீது?" என்று கதவோரம் கேட்டார் கோதண்டம்.

"கீது சார்" என்றான் ஜீவானந்தம். மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

சும்மா உட்கார முடியவில்லை. பார்க்கக்கூடாது, பார்த்தால் குளிர்ந்துவிடும் என்று தெரிந்தும், போய்ப் போய் ஒன்றை எடுத்துப் பார்த்தான். ஒவ்வொரு தடவையும் மிதப்பவை கூடின. இருந்த ஒரே பாட்டிலையும் தன் கையாலேயே கெடுத்துவிட்டோம் என்பது மத்தியானத்துக்குள் அவனுக்கு உறுதியாகிவிட்டது. ஏன் என்பதுதான் தெரியவில்லை. தண்ணீர் நல்லது. சூடு சரி. பூஞ்சை இல்லை. யாரும் எதுவும் செய்யவில்லை, தாமாகவே செத்துக்கொண்டிருந்தன.

கேட்டில் ஏதோ சத்தம் கேட்டது.

"உள்ள வுட முடியாதும்மா. நனைஞ்ச காலோட வந்தா கிருமி பூந்துரும்னு அந்தாளே கத்துவான்" என்றார் வாட்ச்மேன் அப்பாவு.

"எந்தாளு? ஏந் தம்பியா? ரெண்டு நாளா வூட்டுக்கு வராம, சோறு துன்னானா இல்லியான்னு தெரியாம... அவனக் கூப்புடுய்யா!"

சரோஜாதான். தலையில் யூரியாச் சாக்கை மழைக்குக் கொங்கணியாகப் போட்டுக்கொண்டு, தூக்குவாளியோடு, முழங்கால்வரை சேறாக நின்றாள். ஜீவானந்தம் போனான். அவன் முகத்தைப் பார்த்ததும் அவள் குரல் இறங்கியது.

"இன்னாடா ஆச்சு?"

"உன்னாலதாங்கா."

"நா இன்னா பண்ணேன்?"

சொன்னான். ஒற்றை நாற்றாக எட்ட எட்டப் போட்டதையும், எல்லாம் சாவதையும் சொன்னான். சரோஜாவுக்குப் பாதிதான் புரிந்தது. புரிந்தவரை யோசித்தாள்.

"டேய், நாத்துக்கு வேர் கீதுடா. அது மண்ணக் கேக்கும், பக்கத்துல யாரு கீறான்னு கேக்காது. உன்னுது இன்னாத்தக் கேக்குதோ? நா நாத்து நட்டேன். நீ இன்னாத்த நட்டேன்னு எனக்கு எப்டிடா தெரியும்? மொதல்ல துன்னு."

அவன் தூக்குவாளியை வாங்கி வைத்தான். திறக்கவில்லை. 'இன்னாத்தக் கேக்குதோ' என்ற கேள்வி மண்டையில் நின்றுகொண்டது.

அந்த நேரத்தில் ஏரித் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்த டிராக்டர் டிரெய்லரிலிருந்து, செருப்பைக் கையில் பிடித்தபடி இறங்கினார் டாக்டர் ஜயஸ்ரீ. யாரிடமோ கெஞ்சி ஏறி வந்திருக்கிறார். ஹாட் ரூம் கெட்ட செய்தி அவருக்கு சுங்குவார்சத்திரம் டீக்கடை வழியாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. கால் கழுவி, கோட்டு மாட்டி, நேரே மைக்ராஸ்கோப்புக்குப் போனார்.

குனிந்து பார்த்தார். பாட்டிலை மாற்றினார். மறுபடி பார்த்தார்.

"யார் இவ்வளவு மெல்லிசாப் போட்டது?"

"நாந்தான் மேடம்."

"பன்னெண்டுலயுமா?"

"பன்னெண்டுலயும்."

கோதண்டம் பின்னால் வந்து நின்று தொண்டையைக் கனைத்தார். "நாந்தாம்மா சொன்னேன். அடுக்கு நெறையட்டுமேன்னு..."

ஜயஸ்ரீ அவரைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோதண்டத்துக்கு வேறெங்கோ ஒரு வேலை நினைவுக்கு வந்து, வெளியே போனார்.

"தனியா விட்டா இதுங்க பிழைக்காது ஜீவா" என்றார் ஜயஸ்ரீ. குரலில் கோபத்தைவிடப் பயம்தான் இருந்தது. "செல்லோட மேல்தோல்ல கொக்கி மாதிரி நீட்டிண்டிருக்கும். பக்கத்துச் செல்லோட கொக்கியில அது மாட்டினதும், கொக்கியோட அடி உள்ளே இருக்கே, அங்கே ஒரு இழுப்பு விழும். அந்த இழுப்பை உள்ளே இருக்கிற ஒண்ணு வாங்கி இன்னொண்ணுகிட்ட கொடுத்து, அது அடுத்ததுகிட்ட கொடுத்து, நடுவுல உட்கரு வரைக்கும் போகும். துணை இருக்கு, பிழைச்சுக்கோன்னு. அந்தத் தகவல் வரவே வரலைன்னா, செல் தன்னைத்தானே முடிச்சுக்கும்."

ஜீவானந்தம் அந்த நீட்டிய இழைகளை நினைத்துக்கொண்டான். துழாவித் துழாவி இழுத்துக்கொண்டவை.

"நெறஞ்சா தொட்டு நிக்குதுன்னீங்க. இப்ப தொட்டாத்தான் வளரும்ன்றீங்க. எது மேடம் நெசம்?"

"ரெண்டும். ஒரு பக்கம் தொட்டா ஒரு தகவல். எல்லாப் பக்கமும் தொட்டா வேற தகவல். எது எதுன்னு செல் எப்படிப் பிரிச்சுத் தெரிஞ்சுக்கறதுன்னு முழுசா இன்னும் யாருக்கும் தெரியாது. அதை அப்புறம் பேசலாம். இப்போ கண்ணாடியில ஒட்டினது எவ்வளவு, மிதக்கறது எவ்வளவு?"

முடிவு அங்கேயே எடுக்கப்பட்டது. பன்னிரண்டிலும் உயிரோடு இருப்பவற்றைத் திரட்டி ஒரே பாட்டிலில் போடவேண்டும். ஆனால் பிரிக்கும் மருந்தை இன்னொரு தடவை தாங்குமா என்பது சந்தேகம். மருந்து அந்தக் கொக்கிகளையே அரித்துவிடும். நேற்று அரித்தது வளர்ந்து முடிந்திருக்குமோ என்னவோ. "மருந்து வேண்டாம். ஐஸ்ல வெச்ச உப்புத் தண்ணி. குளிர்ந்தா பிடி தளரும். அப்புறம் உன் கைதான்" என்றார் ஜயஸ்ரீ.

ஜீவானந்தம் மறுபடி காற்றுப்பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தான். ஐஸில் குளிர்ந்த உப்புத் தண்ணீரை ஊற்றினான். பாட்டிலின் விளிம்பை உள்ளங்கையில் தட்டினான். பலமாகத் தட்டினால் செல் உடையும். மெதுவாகத் தட்டினால் விடாது. தட்டிவிட்டு ஜயஸ்ரீயிடம் நீட்டுவான். அவர் மைக்ராஸ்கோப்பில் பார்த்து, "இன்னும்" என்பார், அல்லது "போதும்" என்பார். வெளியே மழை தகரக் கூரையில் அறைந்துகொண்டிருந்தது. விளக்கு ஒரு தடவை மினுக்கியபோது இருவரும் ஒரே நேரத்தில் ஹாட் ரூமைத் திரும்பிப் பார்த்தார்கள்.

எல்லாவற்றையும் ஒரே குழாயில் சேர்த்து, சுற்றும் மிஷினில் மெதுவாகச் சுற்றி எடுத்தபோது, குழாயின் அடியில் ஒரு உளுந்து அளவுகூட இல்லை. இருப்பதிலேயே சின்னப் பாட்டிலை எடுத்தான். அதுவும் அந்தச் செல்களுக்குப் பெரிய கழனிதான்.

"பழைய தண்ணி இருக்கா? மஞ்சளானது?" என்று கேட்டார் ஜயஸ்ரீ. "செல் கக்கினது அதுல கொஞ்சம் இருக்கும். அதுவும் துணைதான். வடிகட்டிப் புதுசோட கலந்து விடலாம்."

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துக் கொடுத்தான். பாட்டிலை வாங்கியபோது அவர் தோள் கொஞ்சம் இறங்கியதை அவன் பார்த்தான்.

"படுக்க வெச்சா பரவிடும்" என்று ஜயஸ்ரீ தனக்குத்தானே சொல்லிக்கொண்டு சுற்றுமுற்றும் தேடினார். கண்ணில் பட்டது ஜீவானந்தத்தின் தூக்குவாளி. அதன் மூடியைக் கழற்றித் துடைத்து, ஸ்பிரிட் போட்டு, ஹாட் ரூம் அடுக்கில் வைத்த பாட்டிலின் ஒரு பக்கத்துக்கு முட்டுக் கொடுத்தார். பாட்டில் சாய்ந்தது. செல்கள் எல்லாம் ஒரு மூலையில், ஒன்றோடொன்று நெருங்கி இறங்கும்படியாக.

"அத அசைக்காதீங்க மேடம்" என்றான் ஜீவானந்தம். அப்புறம்தான் யாரிடம் சொல்கிறோம் என்று உறைத்தது. ஜயஸ்ரீ சிரித்துவிட்டார். வந்ததிலிருந்து அதுதான் முதல் சிரிப்பு.

அடுத்த நாள் முழுக்கக் கதவைத் திறக்கக்கூடாது என்று தீர்மானித்தார்கள். அது ஞாயிற்றுக்கிழமை. ஜீவானந்தம் ஹாட் ரூமின் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வெளியே இருந்த வெப்பமானியையே பார்த்துக்கொண்டிருந்தான். கோதண்டம் ஒரு தடவை வந்து, "ஒரு தடவ எட்டிப் பாத்தா இன்னா?" என்றார்.

"சார், குழந்த பொறக்குற ரூம்ல எட்டி எட்டிப் பாப்பீங்களா?"

"ஏம்பா, நா ஒரு வார்த்த சொன்னதுக்கு இன்னும் எத்தினி நாளுக்குடா..." என்று முணுமுணுத்துக்கொண்டே போனவர், திரும்பி வந்தபோது கையில் இரண்டு டீ இருந்தது.

திங்கட்கிழமை காலையில் தண்ணீர் வடிந்திருந்தது. தலைமை ஆபீஸ் ஸௌந்தரராஜன் காரிலிருந்து இறங்குவதற்கும், ஜீவானந்தம் பாட்டிலை மைக்ராஸ்கோப்பில் வைப்பதற்கும் சரியாக இருந்தது. முன்கூட்டிப் பார்க்க நேரம் கிடைக்கவில்லை. காலடிச் சத்தம் பின்னால் நெருங்க, அவன் குனிந்தான்.

மூலையை விட்டு வெளியே விழுந்தவை செத்து மிதந்தன. அது தெரிந்ததுதான். மெல்ல மூலைப் பக்கம் நகர்த்தினான். முதலில் ஒன்று பரந்திருந்தது. பிறகு இரண்டு, ஓரமும் ஓரமும் ஒட்டி, நடுவில் மெல்லிய கோடு விழுந்து. பிறகு ஒரு தீவு. உள்ளே இருந்தவை தட்டையாக, அமைதியாக, கல் பதித்ததுபோல். தீவின் கரையில் இருந்தவை மட்டும் வெளிப்பக்கம் விரிந்து காலியிடத்தைத் துழாவிக்கொண்டிருந்தன. ஒன்று இரண்டாகப் பிளந்துகொண்டிருந்ததையும் பார்த்தான்.

எழுந்து டாக்டர் ஜயஸ்ரீக்கு இடம் விட்டான். அவர் பார்த்தார். பிறகு அவர் எழுந்து ஸௌந்தரராஜனுக்கு இடம் விட்டார். பெரியவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெகுநேரம் பார்த்தார்.

"இவ்வளவுதானா மிச்சம்?"

"இவ்வளவுதான் சார்" என்றார் ஜயஸ்ரீ. இடியையும் ஹீட்டரையும் பன்னிரண்டு பாட்டிலையும் மறைக்காமல் சொன்னார். பன்னிரண்டைச் சொல்லும்போது, "நாங்க" என்றார். யார் பெயரையும் சொல்லவில்லை.

"இதை உடனே பிரிச்சுப் பெருக்க முடியாதா? இந்த மாசத்துக்குள்ள எனக்கு ஒரு பதில் வேணும்."

கோதண்டம் வாயைத் திறந்தார். அதற்குள் ஜீவானந்தம் சொல்லிவிட்டான்.

"இப்ப பிரிக்க முடியாது சார்."

அறையில் எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். அவன் நிறுத்தவில்லை.

"கரையில கீறது இன்னும் தேடிக்கினு கீது சார். பாட்டில் பூரா ஒண்ண ஒண்ணு தொட்டு, அதுவா நிக்கணும். அதுக்கு முன்னால கை வெச்சா இதுவும் பூடும். நெறஞ்சா மூணு போடலாம். மூணு நெறஞ்சா ஒம்போது."

"மூணுதானா?"

"மூணுதான் சார்."

ஸௌந்தரராஜன் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி ஒரு தடவை குனிந்தார். கண்ணாடியோடு சரியாகத் தெரியவில்லை போலிருக்கிறது, திரும்பவும் கழற்றினார். "அந்த ஓரத்துல இருக்கிறது அசையறதே" என்று குழந்தைபோல் சொன்னார். பிறகு கோதண்டத்திடம், "ஹீட்டருக்கு இன்னொரு கட்டுப்பாடு தனியாப் போடுங்கோ. நிறைஞ்சதும் எனக்குத் தந்தி அடியுங்கோ. அதுவரைக்கும் ரூம் இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நிரம்ப நாள் பிடித்தது. கார்த்திகைத் தீபத்துக்கு ஊரில் சரோஜா அகல் வைத்துக்கொண்டிருந்தபோது, ஜீவானந்தம் சைக்கிளைச் சுவரில் சாய்க்காமலே, "நின்னுடுச்சுக்கா!" என்று கத்தினான். தெருவில் இருந்தவர்கள் எது நின்றது, பஸ்ஸா என்று கேட்டார்கள். சரோஜாவுக்குப் புரிந்தது.

"எல்லாம் தொட்டுக்கிச்சா?"

"மூல முடுக்கெல்லாம்."

"அப்ப என் தூக்குவாளி மூடியக் குடு. ரெண்டு வாரமாத் தட்டப் போட்டு மூடிக்கினு கீறேன்."

மறுநாள் அவன் பிரித்தான். கோதண்டம் பின்னால் நின்று, "நாலு போட்டா இன்னாப்பா?" என்று கேட்கப் பார்த்து, கேட்காமல் விட்டார். மூன்று பாட்டில்களையும் மூடி, இரண்டை ஹாட் ரூமில் படுக்கவைத்தான். மூன்றாவதை, அன்றைக்குத் தப்பிய பாட்டில் இருந்த அதே குளிர்ந்த இடத்தில், மைக்ராஸ்கோப் மேசையில் வைக்கப் போனான். ஜயஸ்ரீ பார்த்தார். அங்கே குளிராச்சே என்று சொல்ல வந்தவர், மேசையின் கீழே குனிந்து, சூடு காக்கும் பழைய இன்குபேட்டர் பெட்டியை இழுத்து, அதன் வயரைத் தனி பிளக்கில் சொருகினார்.

"இதுல வை" என்றார்.